உட்பக்கக் கைப்பிடி

...சீட்டில் பிழையே இல்லை, அதுதான் இடித்தது. பதினேழு வருஷமாக மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் எழுதிவைக்கும் சீட்டுகளைப் பார்த்துவருகிறார், ஒன்றிலாவது ஒற்று அதனதன் இடத்தில் விழுந்ததுண்டா, 'மின்சார கட்டணம் இன்று கடைசி', 'தண்ணீர் குழாய் சொட்டுகிறது ஆள் கூப்பிட வும்', அந்தக் கூப்பிடவுக்கும் வும்முக்கும் நடுவில் ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கலாம், அவ்வளவு இடம், அவரும் போகிறபோக்கில் பென்சிலை எடுத்து ஒரு க் செருகி, ஒரு வளைவு போட்டு இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டுத்தான் குழாய்க்கு ஆள் தேடப் போவார், அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் புரூஃப் பார்க்கிற கை, சும்மா இருக்காது. இன்று காலை காந்தத்துக்கு அடியில் இருந்த சீட்டில் அந்தக் கைக்கு வேலையே இல்லை. 'காரின் கதவைச் சரிசெய்யவும். இனி நானே இறங்கிக்கொள்கிறேன்.' ச் இருக்கிறது. இறங்கியும் கொள்கிறேனும் நடுவில் க் போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கின்றன. முற்றுப்புள்ளிகூட இரண்டு இடத்திலும்... யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு, வேறு யார், அவரேதான், வியாழக்கிழமை சாயங்காலம், அதே பென்சிலால். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஸ்க்ரூடிரைவரும் பழைய துணியுமாக வீட்டு முன்னால் நிற்கும் காருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சரிசெய்யவும் என்று எழுதியிருந்தால் சரிசெய்ய வேண்டியதுதானே, அதற்கு மேல் அந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது. இனி என்று ஒரு சொல் இருக்கிறது. இனி என்றால் எதிலிருந்து இனி, நாளையிலிருந்தா?

கதவு என்றால் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு இல்லை, முன்சீட்டின் மறுபக்கம், அவள் உட்காரும் பக்கம். மூன்று வருஷமாக அது உள்ளேயிருந்து திறப்பதில்லை. கைப்பிடியை இழுத்தால் லொடக்கென்று வெறுங்கையோடு வந்துவிடும், கதவு காதிலேயே வாங்காது. வெளியேயிருந்து யாராவது இழுத்தால் உடனே திறந்துகொள்ளும். யாராவது என்ன யாராவது, அவர்தான். தினமும் ஒன்பதரைக்கு அவளுடைய அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி, எட்டுத் தப்படி, எண்ணிப் பார்த்திருக்கிறார், எட்டாவது தப்படி வைக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் புறம் அவள் உதடு அசையும், திறந்துவிடுங்க. சேர்த்து எழுதினால் ஒரு அர்த்தம். பிரித்து எழுதினால், திறந்து, அப்புறம் விடுங்க... பைத்தியக்காரத்தனம், அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று தவிக்கிறவளின் வாயில் போய் இடைவெளி தேடுவானா ஒருத்தன். வாசல் காவலாளி அவருக்குக் 'கதவு சார்' என்று பேர் வைத்திருந்தார், கதவு சார் வந்துட்டாரு, மணி ஒன்பதரை, என்று அவரைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருப்பிவைப்பாராம். அவளோடு வேலைபார்க்கும் பெண்கள், எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே, மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துறதுக்கு, என்று சொல்லிச் சிரிப்பார்களாம். இதையெல்லாம் அவள் வந்து சொல்லும்போது அவருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும், வெளியே மட்டும், "பழுதுதானே, வேற என்ன," என்று முகத்தைப் பேப்பருக்குள் வைத்துக்கொள்வார். ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க சார், அரை மணி வேலை, என்று பட்டறைக்காரர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். விட்டாரா? அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று மூன்று வருஷத்தைத் தள்ளிவிட்டார், சோம்பேறித்தனம் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

கைப்பிடிக்குப் பின்னால் ஒரு திருகாணி, கை வைத்துக்கொள்ளும் இடத்துக்கு அடியில் இரண்டு. கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றுகிற பிடி இருக்கிறதே, அதுதான் கொஞ்சம் படுத்தும், அதற்குத் திருகாணி கிடையாது, பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு வளைந்த கம்பிதான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது, பழைய துணியை இடுக்கில் கொடுத்து முதுகு தேய்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் இழுத்தால் கம்பி துள்ளி விழும்... விழுந்தது, மடியிலேயே. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அவர் காதில் விழாத மாதிரி துணியை உதறினார். வெயில் மரத்துக்கு மேலே எங்கேயோ தங்கிவிட்டது, கார் மேல் நிழல் அசைந்தும் அசையாமலும் கிடந்தது, எதிர்வீட்டு மாடியில் ஒரு வெள்ளைச் சட்டை தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பது ஒரு நாளின் பகுதியே இல்லை, இரண்டு பக்கங்களுக்கு நடுவில் வருகிற வெற்றுத்தாள். வியாழக்கிழமை அப்படியில்லை, வியாழக்கிழமை முழுக்க எழுத்து. பத்து நாளுக்கு முன் அவளுக்குப் பதவி உயர்வோடு மாறுதல் உத்தரவு வந்திருந்தது, ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது இறங்குகிற தூரத்தில் ஒரு ஊர், ஏற்பதா மறுப்பதா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை என்றால் நாளை. வியாழன் சாயங்காலம் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, என்றாள். பார்த்தார். 'மாறுதலை ஏற்று கொள்கிறேன்' என்று இருந்தது. பென்சில் காதில்தான் இருந்தது, எடுத்தார், ஒரு க் போட்டார், ஒரு வளைவு போட்டு ஏற்றுவையும் கொள்கிறேனையும் சேர்த்தார், "இப்ப சரியா இருக்கு, குடுத்துடலாம்," என்று நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவ்வளவுதானா, என்று கேட்டாள். எதையோ விட்டுவிட்டோம்போல என்று மறுபடி தாளை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார், ஆமாம், விட்டுத்தான் இருந்தது, "தேதி போடல பாரு," என்றார்.

தேதி போடல பாரு... இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. கட்டிய பெண்டாட்டி வந்து, நான் போகவா இருக்கவா என்று கேட்டு நிற்கிறாள், இந்த மனுஷன் தேதியைத் தேடுகிறான். உலகத்தில் வேறு எந்த மடையனும் செய்திருக்க மாட்டான், இதற்கென்றே ஒருத்தன் இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். அதற்கப்புறமும் அவள் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள், போறதப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே, என்றாள், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது உன் இஷ்டம்," என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார், ஒரு பெண்ணின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறவன் இல்லை நான் என்று அன்று ராத்திரி தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு தூங்கினார்கூட. விடிந்தபோதுதான் அந்த மூன்று சொல்லும் வேறு மாதிரி கேட்டது. அது, உன், இஷ்டம். அதில் 'என்' எங்கே இருக்கிறது, 'எனக்கு' எங்கே இருக்கிறது, ஒரு எழுத்தாளர் எழுதிக் கொடுத்திருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பாரே.

உள்ளே படுக்கையறைப் பக்கமிருந்து ஒரு ஜிப் இழுபடும் சத்தம் வந்தது. நீளமாக. ஒரே இழுப்பு. அவர் கை நின்றுவிட்டது. பெட்டியா, பெட்டி என்றால் இரண்டு பக்கம் வளைந்து வரும், இவ்வளவு நேராக வராது... நேராகவும் வரும், பையாக இருந்தால். கேட்டுவிடலாம், என்னம்மா பண்றே என்று ஒரு குரல் கொடுத்தால் ஆயிற்று, ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. குரல் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவர் கதவின் உள்பலகையின் ஓரத்தில் தட்டை ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினார், டப், டப், டப் என்று சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன, பலகை மொத்தமாக அவர் மடியில் வந்து சாய்ந்தது. பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பாலித்தீன் தாள். ஒரு மூலையில் மட்டும் பசை ஒட்டவில்லை, ஏற்கெனவே யாரோ பிரித்து, திரும்ப ஒட்டி, விரலால் அழுத்தியிருந்தார்கள், பசையில் அந்தக் கட்டைவிரலின் ரேகை அப்படியே இருந்தது. அவர் தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார், பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, சரியாகப் பொருந்தியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டது என்று அவரே கதவைப் பிரித்தார். கண்ணாடி சரியாகிவிட்டது. மூடும்போது ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது, உள்பக்கக் கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பி, அதன் நுனியைப் பிடித்துவைக்கிற விரல்நகம் அளவு பிளாஸ்டிக் கிளிப் கையிலிருந்து நழுவிக் கதவின் அடியில் விழுந்துவிட்டது. தேடியிருக்கலாம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், பசி, ஒரு கிளிப்தானே என்று தாளை ஒட்டிப் பலகையை அடித்துவிட்டார். சாயங்காலம் வெளியே கிளம்பிப் போய் இறங்கும்போது அவள், "என்னங்க, திறக்க மாட்டேங்குது," என்றாள், அவர் சுற்றிப் போய்த் திறந்தார், இறங்கியவள் ஒரு நிமிஷம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான் நடந்தது, அவ்வளவுதான். கார் பழசாயிடுச்சு, என்று சொன்னார். நான்தான் கிளிப்பை விட்டுட்டேன் என்று சொல்லவில்லை, அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்ல என்ன காரணம் இருக்கிறது, அதற்கு மறுநாள் இன்னும் குறைந்துபோனது. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் ஏதோ உருண்டு கிலுகிலு என்னும், உங்க காரு இன்னும் கைக்குழந்தை, கிலுகிலுப்பை வச்சு விளையாடுது, என்று அவள் சிரிப்பாள், அவரும் சிரிப்பார், தெரிந்துகொண்டே. அப்படியென்றால் மறதியா அது, சோம்பலா, இல்லை... பாலித்தீனை விலக்கிக் கதவின் அடிவயிற்றில் கையை விட்டார். உள்ளே இருட்டு வெதுவெதுவென்று இருந்தது. ஒரு காய்ந்த இலை, அவளுடைய ஹேர்ப்பின் ஒன்று, கண்ணாடி இடுக்கில் எப்போதோ நழுவிய ஒரு கண்காட்சி நுழைவுச்சீட்டின் பாதி, விரல்கள் ஒவ்வொன்றாகத் தடவித் தடவிக் கனவில் நடப்பதுபோல் போயின, கடைசியில், மூலையில், கிளிப். உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. மூன்று வருஷமாக அது கூப்பிட்டுக்கொண்டே கூடவே வந்திருக்கிறது.

போட்டுவிடலாமா. போட்டால் கதவு திறக்கும். திறந்தால் அவள் தானே இறங்கிக்கொள்வாள், கதவு சாரை யாரும் பார்த்துக் கடிகாரம் திருப்ப மாட்டார்கள். போடாவிட்டால் மட்டும்? அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் கதவு வேறு மாதிரி, நடத்துனர் திறந்துவிடுவார். மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்... அன்றைக்கும் அவளை அலுவலகத்தில் விடத்தான் கிளம்பினார், வழியில் அச்சகத்திலிருந்து போன், ஒரு புத்தகத்தின் அட்டையில் தலைப்பே தப்பு, மெஷின் ஏறப்போகிறது, ஓடி வாங்க. அச்சக வாசலில் வண்டியை நிறுத்தி, "ஒரு நிமிஷம்," என்றார், ஓடினார். துணைக்காலா இல்லையா, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, பழைய தாள், புதுத் தாள், யாருடைய பிழை என்று ஒரு சண்டை, நடுவில் ஒரு டீ. டீ குடித்தார், அதுதான் மன்னிக்க முடியாதது. வெளியே வந்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது, வெயில் காரை முழுசாகப் பிடித்திருந்தது, உள்ளே அவள். ஹார்ன் அடிக்கவில்லை, போன் பண்ணவில்லை, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார், இறங்கிக் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று. "மறந்துட்டீங்களா?" என்றாள், கோபமாகக்கூட இல்லை, மணி கேட்பதுபோல் கேட்டாள். அவர் பதற்றத்தில், "ஓட்டுற சீட்டு வழியா அந்தப் பக்கமா இறங்கியிருக்கலாமே," என்றார். "இறங்கி எங்க போறது?" என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை, உத்தரவு வந்தது, தாள் வந்தது, சீட்டு வந்தது.

கம்பியின் நுனியைப் பூட்டின் ஓட்டையில் விட்டு, கிளிப்பை வைத்து அழுத்தினார். சின்னதாக ஒரு டிக். மூன்று வருஷத்துக்கு ஒரு டிக். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, உள்பக்கக் கைப்பிடியை இழுத்தார், நாக்கு விட்டுக்கொடுத்தது, மறுபடி தள்ளினார், மறுபடி இழுத்தார், நல்ல பிள்ளையாகக் கேட்டது. தாளை ஒட்டினார், கட்டைவிரலால் அழுத்தினார், பலகையை உள்ளங்கையால் சுற்றிலும் தட்டிப் பொருத்தினார், திருகாணிகள், கண்ணாடி சுற்றுகிற பிடி, எல்லாம் அதனதன் இடத்தில். ஹேர்ப்பின்னைத் துடைத்துச் சட்டைப்பையில், சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்து பார்த்துவிடுவதுதான் முறை. ஏறினார், கதவைச் சாத்தினார். சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றுபோனது.

இந்தச் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. ஒன்பது வருஷமாக அவருடைய கார், ஒருநாள்கூட இந்தப் பக்கம் உட்காராமல் எப்படி இருந்திருக்கிறார். இங்கிருந்து பார்த்தால் எல்லாமே கொஞ்சம் தள்ளி இருந்தது, மரம் வேறு மரமாக, வீடு யாருடைய வீடோ மாதிரி, முன்கண்ணாடியில் நிழல் மெதுவாகத் தண்ணீர் மாதிரி ஆடியது, சீட்டில் அவள் முதுகு பட்டுப் பட்டு ஒரு பள்ளம், அவர் அதற்குள் பொருந்தாமல் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இங்கே ஒரு சின்ன முதுகு மெத்தை இருக்குமே, காணோம். ஓட்டுகிறவன் இறங்கிப் போவதை இங்கிருந்து பார்த்தார், இறங்குகிறான், முன்பக்கமாகச் சுற்றுகிறான், ஒன்று, இரண்டு, கம்பீரமாகத்தான் நடக்கிறான், பெரிய உபகாரம் செய்யப்போகிற நடை, ஏழு, எட்டு. ஆயிரம் நாளாக அவள் பார்த்தது இதைத்தானா. கண் லேசாகச் செருகியது. கை தன்பாட்டுக்குக் கண்ணாடி சுற்றுகிற பிடியின் மேல் கிடந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது, வெளிக்காற்று வந்து முகத்தில் பட்டது. அப்போதுதான்... அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணாடி இறங்கியிருந்தது. முழுசாக. காற்றுக்காக அவள்தான் இறக்கியிருந்தாள், அவள் முழங்கை ஜன்னலில் இருந்தது, கை வெளியே தொங்கியது, வெளிப்பக்கக் கைப்பிடிக்கு நாலு விரல் தூரத்தில். அவர் ஓடிவந்து அந்தக் கைக்குப் பக்கத்திலேயே தன் கையை வைத்துத் திறந்தார், நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவள் விரல் அவர் விரலில் பட்டது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டால் யாரும் திறந்துகொள்ளலாம். அன்றைக்கு மட்டுமா, முதல் நாளிலிருந்தே, எந்த நாளும். அவளுக்கு அது தோன்றாமலா இருக்கும், வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஜன்னல் கம்பி வழியாகக் குடையின் கொக்கியால் எடுத்த மகராசி. நான் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் மூன்று வருஷமாக அவள் இங்கே உட்கார்ந்து செய்துகொண்டிருந்தது என்ன?

வீட்டுக் கதவு திறந்தது. அவள் வந்தாள், ஒரு கையில் டீ, கக்கத்தில் அந்த முதுகு மெத்தை, உறையைத் துவைத்து மாட்டியிருக்கிறாள், ஓரமாக நீளமாக ஒரு ஜிப்... அதுவா, அடச்சே, அதுவா. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது, இறங்கிய உடனேயே இன்னொன்று ஏறிக்கொண்டது, ராத்திரி பஸ்ஸிலும் முதுகுக்கு வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும்தானே. அவள் காலி முக்காலியைப் பார்த்தாள், தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள், பிறகு கண்ணாடிக்கு இந்தப் புறம் இருந்தவரைப் பார்த்தாள். உட்பக்கக் கைப்பிடியில் அவர் விரல் மாட்டித்தான் இருந்தது, இழுத்தால் திறக்கும். இழுக்கவில்லை. அவள் டீயை பானெட்டின் மேல் வைத்தாள், முன்பக்கமாகச் சுற்றி வந்து வெளியேயிருந்து கதவைத் திறந்தாள்.

"சரியாகலியா?"

"ஆயிடுச்சு."

"அப்ப ஏன் உள்ளயே உக்காந்திருக்கீங்க?"

அன்றைக்கு நீ ஏன் உட்கார்ந்திருந்தாயோ அதற்காகத்தான் என்று சொல்லலாம், அதற்கு அவள் ஏன் உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்திருக்க வேண்டும். "எனக்கு இஷ்டமில்ல," என்றார். எது என்று சொல்லாமல் முடிந்துபோன வாக்கியம், அவருக்கே கேட்டது, ஓரத்தில் கேள்விக்குறி விழுகிற வாக்கியம், அவசரமாக அதற்கு ஒரு தலையைச் சேர்த்தார். "நீ போறதுல."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வியாழக்கிழமை அந்தத் தாள் முழுக்க ஓரம் காலியாத்தான் இருந்துச்சு," என்றாள். "பென்சிலும் கையில இருந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கக்கத்து மெத்தையை எடுத்து அவர் தோளில் லேசாக ஒரு இடி இடித்தாள். "தள்ளுங்க. அந்தப் பக்கம் போங்க." அவர் கியரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு, முழங்காலை இடித்துக்கொண்டு, ஓட்டுகிற சீட்டுக்கு நகர்ந்தார், ஆக அந்தப் பக்கமாக இறங்குவது அப்படியொன்றும் சுலபம் இல்லை. அவள் ஏறி மெத்தையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து பார்த்தாள், கதவைச் சாத்தினாள். பிறகு உட்பக்கக் கைப்பிடியை இழுத்தாள். திறந்தது. சாத்தினாள். இழுத்தாள். திறந்தது. சாத்தினாள். "நல்லாத்தான் திறக்குது," என்றாள், இறங்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. நாளைக்கு ஒன்பதரைக்கு வண்டியை நிறுத்தியதும் தான் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, இறங்கிச் சுற்றி வருவதா, உட்கார்ந்தே இருப்பதா, அவள் கைப்பைக்குள் அந்தத் தாள் இருக்குமா, இருந்தால் அதில் ஏற்று என்று இருக்குமா மறுத்து என்று இருக்குமா, கேட்கலாம், இப்போதே கேட்டுவிடலாம், குரல் இந்த முறை தொண்டையைத் தாண்டி நாக்கு வரை வந்திருந்தது. எதிரே பானெட்டின் மேல் டீ ஆறிக்கொண்டிருந்தது, அவள் வைத்தது ஒரே ஒரு கோப்பைதான், அது யாருக்கு என்றும் அவர் இன்னும் கேட்கவில்லை.